சாட்சி இல்லாத வீடு: ஒதுக்குப்புறத்துக் குடும்பத் த்ரில்லர்கள் எப்படி வேலை செய்கின்றன

ஒதுக்குப்புறமான ஒரு வீடு, அதில் ஒரு குடும்பம், அவர்களை நெருங்கும் ஏதோ ஆபத்து. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருநூறு வருடங்களுக்கு மேலாகக் கதை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், நாமும் சலிக்காமல் படித்துக்கொண்டே இருக்கிறோம். காடு, மலை, தீவு, பனி மூடிய விடுதி என்று இடம் மாறும். ஆபத்தும் பேயாக, கொலைகாரனாக, கணவனாக மாறும். ஆனால் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஏன் பயமாக இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், "அங்கே உதவிக்கு யாரும் வர முடியாதே" என்பது. சரிதான், ஆனால் அது பாதி விளக்கம்தான். நடுக்கடலில் மாட்டிக்கொண்ட படகுக்கும் உதவி வராது, அதை நாம் சாகசக் கதையாகத்தான் படிக்கிறோம். உளவியல் சஸ்பென்ஸ் உருவாக இன்னொன்று வேண்டும்: நடப்பதைப் பார்த்து "ஆமாம், நீ பார்த்தது உண்மைதான்" என்று சொல்ல வெளியாள் ஒருவர்கூட மிச்சம் இல்லாமல் போக வேண்டும். இந்தக் கதைகளில் தொலைவு முதலில் பறிப்பது சாட்சியை. உதவி போவது அதற்கு அப்புறம்தான்.

சாதாரண வாழ்க்கையில் ஒரு குடும்பத்தைச் சுற்றி எத்தனை சாட்சிகள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர், தபால்காரர், பள்ளி ஆசிரியர், மருத்துவர், அடிக்கடி போனில் பேசும் அக்கா. இவர்களில் யாரும் காவலுக்கு நிற்பவர்கள் இல்லை. ஆனால் குழந்தையின் கையில் காயம் இருந்தால் ஆசிரியர் கேட்பார், இரண்டு நாளாகக் கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டிப் பார்ப்பார். அதைவிட முக்கியம், நமக்கே ஒரு சந்தேகம் வந்தால் அவர்களிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம். "ராத்திரி மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, உங்களுக்கும் கேட்டதா?" என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத இடத்துக்குத்தான் எழுத்தாளர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே போனபின் கேட்பதற்குக் குடும்பத்தினர் மட்டும்தான் இருப்பார்கள், அவர்களுக்கோ நம்மை நம்பாமல் இருக்க ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

இந்த அமைப்பு எவ்வளவு பழையது என்று பார்க்க 1794க்குப் போகலாம். அந்த வருடம் இங்கிலாந்தில் ஆன் ராட்க்ளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' நான்கு தொகுதிகளாக வந்தது. இத்தாலியின் அப்பெனைன் மலையில் ஒரு கோட்டை, பெற்றோரை இழந்த எமிலி, அவளுடைய அத்தை, அத்தையை மணந்துகொண்ட மோன்டோனி. படித்தவர்கள் நினைவில் நிற்பது கறுப்புத் திரையும் இருட்டு நடைகளும்தான், ஆனால் கதையைத் தாங்கி நிற்பது சொத்து. மனைவியின் பெயரில் இருக்கும் நிலங்களை எழுதி வாங்க மோன்டோனி அவளை அடைத்துவைக்கிறான், அவள் இறந்ததும் அதே நெருக்கடி எமிலி பக்கம் திரும்புகிறது. அமானுஷ்யமாகத் தெரிந்தவற்றுக்கெல்லாம் ராட்க்ளிஃப் கடைசியில் சாதாரண விளக்கம் கொடுத்துவிடுவார், திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு மெழுகு உருவம். மோன்டோனிக்கு அப்படி ஒரு ஆறுதலான விளக்கம் கிடையாது. பேய்கள் எல்லாம் பொய்யாகிப் போக, பாதுகாக்க வேண்டியவன் செய்யும் மிரட்டல் மட்டும் நிஜமாக மிஞ்சுகிறது. வேலியே பயிரை மேயும் கதை அன்றைக்கே முழு வடிவத்தில் வந்துவிட்டது.

ராட்க்ளிஃப் பயத்தைப் பற்றி யோசித்தும் எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1826ல் வெளியான ஒரு கட்டுரையில் பயத்தை இரண்டாகப் பிரிக்கிறார். இன்னும் தெளிவாகத் தெரியாத ஒன்றைக் குறித்த பதற்றம் மனத்தை விரித்து விழிக்க வைக்கும், கோரம் கண்முன்னே வந்து நிற்பது மனத்தைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அவருடைய கருத்து. இன்று நாம் உளவியல் சஸ்பென்ஸ் என்று சொல்வது முழுக்க அந்த முதல் வகையின்மேல்தான் நிற்கிறது. ரத்தம் வந்துவிட்டால் சந்தேகம் போய்விடும், சந்தேகம் போய்விட்டால் இந்த வகைக் கதைக்குப் பெரிதாக வேலை இல்லை.

அந்தச் சந்தேகத்தை யாரும் ஹென்றி ஜேம்ஸ் அளவுக்குக் கச்சிதமாகக் கட்டியதில்லை என்பது என் எண்ணம். 1898ல் வந்த 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' சின்னக் கதைதான். நாட்டுப்புறத்தில் ஒரு பெரிய வீடு, மைல்ஸ், ஃப்ளோரா என்று பெற்றோர் இல்லாத இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் ஆசிரியை. அவளுக்கு இறந்துபோன இரண்டு வேலையாட்களின் உருவம் தெரிய ஆரம்பிக்கிறது. பேய் இருக்கிறதா, அவள் மனம் படைத்ததா என்று நூறு வருடங்களுக்கு மேலாக விவாதம் நடக்கிறது, எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர் 1934ல் எழுதிய கட்டுரை இரண்டாவது பக்கத்தைத் தீவிரமாக வாதிட்டது. எனக்கு அந்த விவாதத்தைவிட ஜேம்ஸ் சாட்சிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் விதம்தான் பிரமிப்பாக இருக்கிறது. குழந்தைகளின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, ஏதோ ஒரு உறவுக்காரர், அவர் லண்டனில் இருக்கிறார். வேலை கொடுக்கும்போதே அவர் போடும் ஒரே நிபந்தனை, எதற்கும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது. வீட்டு வேலையாட்களுக்குத் தலைவியான மேற்பார்வைக்காரிக்குப் படிக்கத் தெரியாது, ஆக மைல்ஸைப் பள்ளியிலிருந்து நீக்கி வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியை சொல்வதுதான் அவளுக்குச் செய்தி. குழந்தைகள் உறவினருக்கு எழுதும் கடிதங்களை ஆசிரியை தபாலில் சேர்ப்பதில்லை, தானே வைத்துக்கொள்கிறாள். கடைசியில் அவளே மனம் மாறி எழுதும் கடிதத்தை மைல்ஸ் எடுத்து எரித்துவிடுகிறான். ஒரு கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதோடு, அந்த வீட்டுக்குள் யாரும் பூட்டி வைக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். வண்டி இருக்கிறது, பாதை இருக்கிறது, போக முடியும். எதையும் அடைக்காமலே எல்லாம் அடைபட்டுப் போகிறது.

இங்கேயே ஒரு கேள்வி வரும். சாட்சி இல்லாமல் போவதுதான் முக்கியம் என்றால், அதற்கு மலையும் காடும் எதற்கு? உண்மையில் தேவையில்லைதான். பாட்ரிக் ஹாமில்டன் 1938ல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகம் லண்டன் நகரத்துக்குள்ளேயே நடக்கிறது, தெருவில் ஆட்கள், வீட்டில் வேலைக்காரர்கள், எல்லாம் இருக்கிறது. இருந்தும் அந்த மனைவி எந்த நாவலின் பனிமலைப் பெண்ணையும்விடத் தனியாக இருக்கிறாள், ஏனென்றால் கணவன் அவளை யாரோடும் பழக விடுவதில்லை, அவளுக்கு மனம் பிசகுகிறது என்று அவளையும் மற்றவர்களையும் நம்ப வைத்துக்கொண்டிருக்கிறான். மாலையில் விளக்கு மங்குவதும் மேல்தளத்தில் காலடி கேட்பதும் உண்மை, ஆனால் உண்மை என்று சொல்ல ஆள் இல்லை. நாடகம் திரும்புவது எங்கே என்றால், ஒரு முன்னாள் போலீஸ்காரர் வீட்டுக்குள் வந்து அவள் பேச்சை நம்பும் இடத்தில். அவர் இன்னும் யாரையும் கைது செய்யவில்லை, எதையும் தடுக்கவில்லை, நம்பியதோடு சரி, அதற்கே அரங்கம் மூச்சு விடுகிறது.

மேடையில் வந்த இந்த விஷயத்தைச் சட்டம் பிடிக்க வெகுகாலம் ஆனது. அமெரிக்கச் சமூகவியலாளர் எவான் ஸ்டார்க் 2007ல் எழுதிய நூலில் குடும்ப வன்முறையை அடி உதையாக மட்டும் பார்க்காமல், நண்பர்களிடமிருந்தும் உறவினரிடமிருந்தும் பிரிப்பது, பணத்தைக் கட்டுப்படுத்துவது, வரவு போக்கைக் கண்காணிப்பது என்று தொடர்ச்சியாக நடக்கும் ஒரு கட்டுப்பாடாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ல் ஒரு சட்டம் இப்படிக் கட்டுப்படுத்துவதையே தனிக் குற்றமாக்கியது. அதனால்தான் இந்த நாவல்களில் வரும் மலை வீட்டை நான் வெறும் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் இன்னொருவரைச் சுற்றிப் பல வருடங்களாக மெதுவாக எழுப்பும் சுவரை எழுத்தாளர் ஒரே நாளில், ஒரு கார் பயணத்தில், கண்ணுக்குத் தெரியும்படி எழுப்பிக் காட்டுகிறார். நிலப்பரப்பு அந்தச் சுவரின் சுருக்கெழுத்து.

கற்பனையை விட்டு வெளியே வந்தால், இந்த வகைக் கதைகளை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில், மியூனிக்குக்கு வடக்கே, ஹின்டர்கைஃபெக் என்ற தனிப் பண்ணை. 1922 மார்ச் 31 அன்று இரவு அங்கே வயதான தம்பதி, விதவையான மகள், அவளுடைய இரண்டு குழந்தைகள், அன்றுதான் வேலைக்கு வந்து சேர்ந்த பணிப்பெண் என ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில நாள் முன்பு, காட்டிலிருந்து பண்ணையை நோக்கி வரும் காலடித் தடங்களைப் பனியில் பார்த்ததாகவும் திரும்பிப் போன தடம் இல்லை என்றும் அந்த வீட்டுப் பெரியவர் அக்கம்பக்கத்தவரிடம் சொல்லியிருந்தார். பரணில் சத்தம் கேட்டது, ஒரு சாவி காணாமல் போனது. முன்பு இருந்த பணிப்பெண் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பயந்து சில மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டிருந்தாள். பெரியவர் போலீசுக்குச் சொல்லவில்லை, பக்கத்தவர் உதவியையும் ஏற்கவில்லை. ஏப்ரல் 4 அன்றுதான் உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இடைப்பட்ட நாட்களில் கால்நடைகளுக்குத் தீவனம் போடப்பட்டிருந்தது, புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கொலையாளி யார் என்று இன்றுவரை தெரியாது.

இந்தச் சம்பவத்தில் எல்லோரும் பேசுவது பனியில் இருந்த அந்தத் தடங்களைப் பற்றித்தான். என்னைக் கேட்டால் புகைபோக்கிதான் அதைவிடக் கொடூரம், ஏனென்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புகை ஒரு சாட்சி, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் சாட்சி, அந்த நாட்களில் அது சொன்னது பொய். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெரியவரும் அவருடைய மகளும் தகாத உறவுக்காக 1915ல் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். ஆக வெளியிலிருந்து ஒருவன் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே அந்த வீட்டுக்குள் ஆபத்து இருந்தது. 2006ல் ஆன்ட்ரியா மரியா ஷென்கெல் இந்தச் சம்பவத்தை ஆதாரமாக வைத்து 'டானட்' என்ற சிறிய நாவல் எழுதினார், அது ஜெர்மனியில் பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1959 நவம்பர் 15ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹோல்கம் என்ற சிற்றூருக்கு வெளியே நடந்த கொலைகள். ஒரு விவசாயி, அவர் மனைவி, பதின்ம வயது மகன், மகள் என நான்கு பேர். வீட்டில் பணப்பெட்டி இருப்பதாகச் சிறையில் யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், அப்படிப் பெட்டி ஏதும் இல்லை, அவர்களுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. ட்ரூமன் கபோடி இதைப் பற்றி எழுதிய நூல் 1966ல் வந்தது. அதில் என்னை நிறுத்திப் படிக்க வைத்த பகுதி, கொலைக்கும் கைதுக்கும் இடைப்பட்ட வாரங்கள். கதவைப் பூட்டியே பழகாத ஊர் பூட்டு வாங்குகிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது, அவர்களுடைய பயம் வெளியூர்க்காரனைப் பற்றியது இல்லை, ஒருவரையொருவர் பற்றியது. நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லாதபோது சந்தேகம் தானாகவே உள்ளே திரும்புகிறது.

சந்தேகம் உள்ளே திரும்புவது வெறும் மனப்பிரமையும் இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2022ல் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 89,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள், அவர்களில் சுமார் 48,800 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தினரோ. பாதிக்கும் மேல். கொலையான ஆண்களில் அப்படிக் குடும்பத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான். காட்டுக்குள்ளிருந்து முகமூடியோடு வருபவனைவிட மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் ஆபத்தாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று இந்த நாவல்கள் சொல்லும்போது அவை மிகைப்படுத்தவில்லை.

ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' இவ்வளவு பேரை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் அந்த உண்மைதான். 1974 இலையுதிர்காலத்தின் கடைசியில் கிங்கும் அவர் மனைவியும் கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் இருக்கும் ஸ்டான்லி ஹோட்டலில் ஒரு இரவு தங்கினார்கள், பருவம் முடிந்து ஹோட்டல் மூடப்போகும் நேரம், விருந்தினர் என்று அவர்களைத் தவிர யாரும் இல்லாத நிலை. அங்கிருந்து பிறந்த நாவல் 1977ல் வந்தது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் மலை ஹோட்டலைப் பார்த்துக்கொள்ள ஜாக், வெண்டி, அவர்களுடைய ஐந்து வயது மகன் டேனி. ஹோட்டலில் பேய்கள் உண்டு, சரி. ஆனால் கதை ஆரம்பிப்பதற்கு முன்பே ஜாக் குடிபோதையில் மகனின் கையை உடைத்திருக்கிறான். அது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் நாம் பார்ப்பது பேயை இல்லை, அப்பாவின் கையை. தொலைபேசிக் கம்பிகளைப் பனிப்புயல் சாய்க்கிறது, ரேடியோவை உடைப்பது ஜாக், பனியில் ஓடும் வண்டியை இயங்காமல் செய்வதும் ஜாக். மலை பாதி வேலையைச் செய்ய, மீதியை அப்பா செய்து முடிக்கிறார். 1980ல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தைக் கிங் வெளிப்படையாகக் குறை சொன்னதற்கு ஒரு காரணம், படத்தில் ஜாக் முதலிலிருந்தே பித்துப் பிடித்தவர்போலத் தெரிகிறார் என்பது. படம் மிகப் பெரிய சாதனைதான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் கிங் பக்கம். மகனை உண்மையாகவே நேசிக்கும் ஒருவன் எப்போது ஆபத்தாக மாறினான் என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதுதான் வெண்டியின் நிலை, பார்வையாளருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால் அவளோடு சேர்ந்து தவிக்க வழியில்லை.

தனிமை மனத்தை என்ன செய்யும் என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1950களின் தொடக்கத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் குழு மாணவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் கொடுத்து, மங்கலான கண்ணாடி, கையுறை போட்டு ஒரு சிறு அறையில் சும்மா படுத்திருக்கச் சொன்னது. அந்தக் காலத்தில் அது நல்ல பணம். அப்படியும் பெரும்பாலானவர்களால் சில நாட்களுக்கு மேல் தாங்க முடியவில்லை, பலர் இல்லாத உருவங்களைப் பார்த்தார்கள். 1916ல் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளைக் கடந்த துருவப் பயணி எர்னெஸ்ட் ஷாக்கிள்டன், தாங்கள் மூன்று பேர் நடக்கும்போது நான்காவதாக ஒருவர் கூட வருவதுபோல் இருந்தது என்று பின்னால் எழுதினார், கூட இருந்தவர்களுக்கும் அதே உணர்வு இருந்திருக்கிறது. மனம் தகவல் கிடைக்காதபோது சும்மா இருப்பதில்லை, தானே தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. நாவலாசிரியருக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி, ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே உருவம் தெரிந்தது என்று கதாபாத்திரம் சொன்னால் அது நிஜமாகவும் இருக்கலாம், மனம் தயாரித்ததாகவும் இருக்கலாம், அவளுக்கும் அது தெரியும்.

அப்புறம் வாசகருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற விஷயம். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962ல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் கொடுத்த மேஜைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு உதாரணம் இதற்குப் பாடமாகவே ஆகிவிட்டது: சொல்லாமல் வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சி, பார்வையாளருக்கு முன்பே சொல்லிவிட்டால் பதினைந்து நிமிடம் சஸ்பென்ஸ். நமக்குப் பிடித்த ஒருவருக்குக் கெட்டது நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றும்போதுதான் சஸ்பென்ஸ் உச்சத்தில் இருக்கும் என்று டால்ஃப் ஸில்மன் போன்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். ரிச்சர்ட் கெரிக் 1989ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. எல்லோருக்கும் முடிவு தெரிந்த வரலாற்றுச் சம்பவத்தையே பதற்றம் கூட்டி எழுதிக் கொடுத்தால், வாசகர்கள் அந்தத் தெரிந்த முடிவைச் சரி என்று சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு தெரிந்தும் இரண்டாம் முறை படிக்கும்போது ஏன் உள்ளங்கை வியர்க்கிறது என்பதற்கு ஓரளவு பதில் இதில் இருக்கிறது.

ஆனால் குடும்பக் கதைகளில் வெடிகுண்டைவிட நுட்பமான ஒன்று நடக்கிறது. இங்கே குண்டு இருக்கிறதா என்பதே நிச்சயம் இல்லை. மேஜையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் அது தெரிகிறது, மற்ற மூவரும் அவளை அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். அந்த ஒருவர் பல கதைகளில் குழந்தையாக இருப்பதும் தற்செயல் இல்லை. குழந்தை முதலில் பார்க்கும், சொல்லும், யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பெரியவர்கள் நம்பும்போது நேரம் கடந்திருக்கும். டாஃப்னே டு மோரியேவின் 'தி பேர்ட்ஸ்' கதையில் (1952) இதே இடத்தில் நாட் என்ற கூலித் தொழிலாளி இருக்கிறான். பறவைகள் தாக்குகின்றன என்று நாட் சொல்வதைப் பண்ணைக்காரர் சிரித்து ஒதுக்குகிறார், அவன் மட்டும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறான். ரேடியோ ஒலிக்கும்வரை அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் ரேடியோவில் சொல்கிறார்கள் என்றால் வெளியே யாரோ இதைப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அது நின்றுபோவதுதான் அந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய இடம், எந்தப் பறவைத் தாக்குதலும் அந்த அளவுக்கு உலுக்கவில்லை.

இந்த வகைமேல் எனக்கு இரண்டு மனத்தாங்கல் உண்டு. ஒன்று, எல்லாக் குழப்பத்துக்கும் கடைசியில் "அவருக்கு மனநோய்" என்று பதில் சொல்லி முடிப்பது. மனநோய் உள்ளவர்கள் பிறரைத் துன்புறுத்துவதைவிடத் தாங்களே துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம், இது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் வந்த விஷயம், ஆனாலும் நாவல்கள் நோயையே வில்லனாக்குகின்றன. 1847ல் வந்த 'ஜேன் ஐர்' நாவலின் மாடியறையில் அடைக்கப்பட்ட மனைவிக்கு ஒரு வார்த்தை பேச வாய்ப்பு கிடைக்கவில்லை, அவள் பக்கத்தை ஜீன் ரிஸ் தனி நாவலாக எழுதியது 1966ல். நூற்றுப் பத்தொன்பது வருடம் ஒரு பாத்திரம் தன் சாட்சியத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. இரண்டாவது, நகரத்துக் குடும்பம் விடுமுறைக்குப் போகும் இடத்தில் வசிக்கும் ஏழை மனிதர்களை எல்லாம் சந்தேகத்துக்குரியவர்களாக, பல்லிளிக்கும் மிருகங்களாக வரைவது. அந்த மலையில் வருடம் முழுக்க வாழும் குடும்பத்துக்கு அது ஒதுக்குப்புறம் இல்லை, அது அவர்கள் வீடு. வந்து போகிறவர்களின் பயத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் பாதி உலகம் வில்லனாகிவிடும்.

2012ல் கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' பெரிய வெற்றி பெற்றபின் வீட்டுக்குள் நடக்கும் த்ரில்லர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன, அடுத்த வருடமே பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜூலியா கிரவுச் அவற்றுக்கு 'டொமஸ்டிக் நுவார்' என்று பெயர் வைத்தார். பெண்களின் பார்வையில், திருமணத்தையும் வீட்டையும் ஆபத்தான இடமாகப் பார்க்கும் கதைகள். இவற்றில் பல, தொழில்நுட்பத்தோடு நேருக்கு நேர் மோதுகின்றன. ரூத் வேர் 2019ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி கீ' தலைப்பிலேயே ஜேம்ஸை நினைவூட்டும், ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணின் கதை. அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் கேமரா, விளக்கும் கதவும் செயலியில் இயங்குகின்றன. பார்க்கும் கண்கள் இத்தனை இருந்தும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள், ஏனென்றால் அந்தக் கண்கள் அவளுக்காகப் பார்ப்பவை இல்லை, வேலை கொடுத்தவர்களுக்காகப் பார்ப்பவை. கண்காணிப்பு வேறு, சாட்சி வேறு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய சமீபத்திய நாவலை நான் படித்ததில்லை.

செல்போன் வந்ததும் இந்த வகை செத்துவிடும் என்று ஒரு காலத்தில் பலர் எதிர்பார்த்தார்கள். எழுத்தாளர்கள் சிக்னலைப் பிடுங்கித் தப்பித்தார்கள், "இங்கே டவர் கிடைக்காது" என்ற வரி இல்லாத த்ரில்லரே இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது அந்தச் சாக்கும் பலவீனமாகிக்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14 வழியாகச் செயற்கைக்கோள் மூலம் அவசரச் செய்தி அனுப்பும் வசதியைத் தொடங்கியது, டவரே இல்லாத மலையிலிருந்தும் உதவி கேட்கலாம். உதவி கிடைக்காததுதான் இந்தக் கதைகளின் உயிர் என்றால் இத்தோடு கதை முடிந்தது. ஆனால் அந்த வசதியைத் திறந்தால் போன் முதலில் என்ன அவசரம் என்று கேட்கும், தேர்ந்தெடுக்கச் சில வாய்ப்புகள் தரும்: வாகனப் பழுது, உடல்நலக் குறைவு அல்லது காயம், குற்றம், வழி தவறியது அல்லது மாட்டிக்கொண்டது, தீ. கணவர் நேற்றிலிருந்து வேறு ஆளாகத் தெரிகிறார், குழந்தை அவரிடம் போக மறுக்கிறது, ஆனால் இன்னும் எதுவும் நடக்கவில்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண் அந்தப் பட்டியலில் எதைத் தொடுவாள்? அடுத்த இருபது வருடத்து நாவல்கள் அந்தத் திரைக்கு முன்னால்தான் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன்.